மறு: மறு: வைப்பர் 'பார்க்' ஆவதற்குத் தமிழில் என்ன?

சுங்கை சிப்புட், பயிற்சி வகுப்பு:
வணக்கம். சனிக்கிழமை பாடம், பழைய புரோட்டோன் சாகா காரின் வைப்பர் சுவிட்ச். கையேடு வெள்ளிக்குள் அச்சுக்குப் போகவேண்டும். வைப்பருக்குத் 'துடைப்பான்'; சுவிட்ச் சுவிட்சாகவே இருக்கட்டும். அணைத்ததும் துடைப்பான் கை தானாகக் கண்ணாடியின் அடிக்கு வந்து நிற்கிறதே, அந்த நிலைக்குத்தான் சொல் இல்லை. பழுதும் அங்கேதான்: மெதுவாகவும் ஓடும், வேகமாகவும் ஓடும், அணைத்தால் நடுக்கண்ணாடியில் நின்றுவிடும்.

ஈப்போ:
'துஞ்சுநிலை'. துஞ்சுதல் உறங்குதல்.

தைப்பிங்:
சாவதும் துஞ்சுதல்தான் ஐயா. சோழன் 'குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன்' அங்கே குட்டித்தூக்கமா போட்டான்? உங்கள் கணக்கில் பழுதான காடியில் இருப்பது 'நடுக்கண்ணாடித் துஞ்சிய துடைப்பான்'. அந்தத் துடைப்பானும் எனக்கு உவப்பில்லை. தேங்காய்த் துருவி, மண்வெட்டி, தோசைத் திருப்பி என்று கருவிக்கு இகர விகுதி நம் வீட்டிலேயே கிடக்கிறது. 'துடைப்பி' போதும். ஆன் ஆண்பால் விகுதி.

ஈப்போ:
அழிப்பானும் ஆண்பாலா? தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள்.

கம்பார், பட்டறை:
விகுதி இருக்கட்டும் அண்ணே. அணைத்த பிறகும் மோட்டாருக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். மோட்டாருக்குள் இருக்கும் வட்டத்தகட்டில் ஓர் இடைவெளி உண்டு. கை அடிக்கு வந்ததும் அங்கே தொடர்பு அறும். அந்தத் தகட்டின் வழி மின்சாரம் வரும் வயரையும் மெதுவேக வயரையும் அணைத்த நிலையில் இணைப்பது சுவிட்ச். அந்த இணைப்புக் கருகினால் கை நின்ற இடத்திலேயே நிற்கும்.

முதலில் பேட்டரியின் நெகடிவைக் கழற்றணும். ஸ்டீரிங் தண்டின் உறையை எடுத்து, பிளக்கைப் பிடுங்கி, சுவிட்சை அணைத்த நிலையில் வைத்து அவ்விரண்டு முனைகளையும் மீட்டரில் பார்க்கணும். வயர் நிறத்தை நம்ப வேண்டாம், வரைபடத்தைப் பாருங்கள். ஓம் கிட்டத்தட்ட 0 வந்தால் சுவிட்ச் சரி, மோட்டார்த் தகட்டைப் பார்க்கணும். தொடர்பே இல்லை என்றாலோ, பல ஓம் காட்டினாலோ சுவிட்ச்தான்.

சுவிட்சைத் திறக்கும்போது உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பைக்குள் வைத்துத் திறக்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங்கும் குண்டும் தெறித்துச் சீட்டுக்கடியில் போனால் பாடம் அன்றைக்கு அவ்வளவுதான். கருமையை காண்டாக்ட் கிளீனரால் கழுவி, அதே அழிப்பானால் தேய்த்தால் போதும். முரட்டு உப்புத்தாள் மேல்பூச்சை உரித்துவிடும். பிளாஸ்டிக் உருகியிருந்தால் தேய்ப்பது வீண், மாற்றணும். துடைப்பான் கையை ஆட்டும் இணைப்புக் கம்பிகள் எண்ணெய் காய்ந்து இறுகியிருந்தால் மோட்டார் கூடுதல் மின்சாரம் இழுக்கும், புதுச் சுவிட்சும் கருகும்.

சொல்லா? பட்டறையில் 'வைப்பர் உட்காரல' என்போம்.

சுங்கை சிப்புட்:
அப்படியானால் 'அமர்நிலை'?

தைப்பிங்:
'கிடை' இருக்க அமர்வானேன்? ஆட்டுக்கிடை போல.

கம்பார், பட்டறை:
'துடைப்பான் கிடையில் இருக்கு' என்றால், எத்தனை நாளாகப் படுத்த படுக்கை என்று கேட்பான் அண்ணே.

பினாங்கு:
'பார்க்' என்றே எழுதலாமே? பையனுக்குக் கடையில் சாமான் வாங்கத் தெரியவேண்டும்.

ஈப்போ:
எண்ணெய்ப் பனைக்குச் 'செம்பனை' என்பதும் ஒரு காலத்தில் புதுச்சொல்தான். இன்று தோட்டத்தில் வேறு பெயரா சொல்கிறோம்? அமர்நிலைக்கு என் கை.

சுங்கை சிப்புட்:
மூவர் அமர்நிலை. கையேட்டில் முதல்முறை வருமிடத்தில் மட்டும் 'பார்க்' சேர்த்துவிடுகிறேன். துடைப்பான் துடைப்பானே. நன்றி.

தைப்பிங்:
அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. 'அமர்' என்றால் போர் என்பதையும் அடிக்குறிப்பில் போட்டுவிடுங்கள்.