க்யூபிகிளுக்கு என்ன சொல்? (மறுமொழி)

> உள்ளே சுவரே இல்லாத "ஓப்பன் பிளான் ஆஃபிஸ்" என்பதற்குத் "திறந்தவெளி அலுவலகம்", மேசையைச் சுற்றித் தட்டி வைத்துத் தடுத்த "க்யூபிகிள்" என்பதற்குக் "கனவறை" என்று நம் தமிழ்ச் சொற்பட்டியலில் சேர்த்திருக்கிறேன். மறுப்பு உண்டா?

அக்கா, இரண்டுக்குமே உண்டு.

கனசதுரத்தை மனத்தில் வைத்துக் கன + அறை என்று சேர்த்திருக்கிறீர்கள். படிக்கிறவர் கனவு + அறை என்றுதான் பிரிப்பார். வேடிக்கை என்னவென்றால், க்யூபிகிள் என்ற சொல்லுக்கும் கனசதுரத்துக்கும் உறவே இல்லை. அது படுத்தலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. க்யூபிகுலம் என்றால் படுக்கையறை. குறி தவறிய உங்கள் கல் வேருக்குப் பக்கத்தில் போய் விழுந்திருக்கிறது! ஆனாலும் மேலாளரிடம் போய் "எனக்கு ஒரு கனவறை வேண்டும்" என்று கேட்க முடியாது.

"திறந்தவெளி" என்றால் தமிழில் கூரை கிடையாது. திறந்தவெளி அரங்கம், திறந்தவெளிச் சிறைச்சாலை என்கிறோம். மூன்றாம் வகுப்புப் புயல் எச்சரிக்கை விடுகிற நம் மொரீஷியஸ் தீவில் அப்படி ஓர் அலுவலகம் வேண்டாம்.

> முன்பு ஒருவர் சொன்ன "கூட்டுறவுப் பணியகம்"?

அது பெயர் அல்ல, விளம்பரம். ஹார்வர்டு ஆய்வாளர் இருவர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிச் சுவரை எடுத்த நிறுவனங்களில் நேருக்கு நேர் பேசுவது ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்து, மின்னஞ்சல் கூடியிருந்தது. பெயரில் உறவைச் சேர்ப்பானேன்?

எனக்கு இது ஏட்டுச் சிக்கல் மட்டும் அல்ல. நம் தீவில் கணினி நிறுவனங்கள் நிறைந்த எபேனில் நான் முன்பு வேலை பார்த்த தளத்தில் நிரல் எழுதும் நாங்களும், பிரான்ஸ் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் குழுவும் ஒரே கூடத்தில் இருந்தோம். பாரிசில் கோடை என்றால் நம் கடிகாரம் இரண்டு மணி நேரம் முந்தி ஓடும். பதினொன்று வரை வேலை நடக்கும். பாரிசில் ஒன்பது அடித்ததும் இருபது வாய்கள் ஒன்றாக "போன்ழூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லும். அதற்குமேல் ஒரு வரி உருப்படியாக எழுத முடியாது. முறையிட்டோம். நெஞ்சளவுக்குத் துணி ஒட்டிய தட்டிகளை நிறுத்தினார்கள். பக்கத்து இருக்கைக்காரர் தால் பூரியைச் சுற்றியிருந்த காகிதத்தைப் பிரிப்பது கண்ணுக்கு மறைந்தது. காதுக்கு மறையவில்லை.

ஆகவே நம் சொல்லில் "அறை" வரக்கூடாது என்பது என் கட்சி. அறை என்றால் கதவு வேண்டும். "தடுப்பறை" போலீஸ் காவலை நினைவூட்டுகிறது. "தட்டியறை" என்றால் முதலில் தட்டி, பிறகு அறைவது போலிருக்கிறது. க்யூபிகிளுக்கு முன்னோடியாக ராபர்ட் ப்ராப்ஸ்ட் 1968-இல் ஹெர்மன் மில்லர் என்ற அமெரிக்க அறைகலன் நிறுவனத்துக்காக வடிவமைத்ததும் அறை அல்ல. 120 பாகையில் விரித்து, வேண்டியபோது நகர்த்திக்கொள்ளும் தட்டிகள்தான். வாங்கிய நிறுவனங்கள்தாம் அவற்றைச் செங்கோணத்தில் நெருக்கிப் பெட்டியாக்கின.

என் பரிந்துரை: சுவரில்லாததற்குப் "பொதுப் பணிக்கூடம்", க்யூபிகிளுக்குத் "தட்டிக்கட்டு". முன்கட்டு, பின்கட்டு என்று வீட்டுக்குள் சொல்வதில்லையா, அந்தக் கட்டு. கதவு உள்ளதற்குத் "தனியறை" ஏற்கெனவே இருக்கிறது.

---

தம்பி,

கனவறையை எடுத்துவிட்டேன். கொஞ்சம் வருத்தம்தான், விடுங்கள்.

பணிக்கூடம் சரி. சிலர் அதைப் பட்டறைக்கும் எழுதுகிறார்கள். "பொது" முன்னால் நிற்பதால் குழப்பம் வராது. ஆனால் தட்டிக்கட்டு இங்கே செல்லாது. ரோஸ் ஹில்லில் என்னிடம் படிக்கும் பிள்ளைகள் பின்கட்டு உள்ள வீட்டைப் பார்த்ததே இல்லை. கட்டு என்றால் கயிற்றால் கட்டுவதுதான் அவர்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டில் துணி அடுக்கும் பீரோ, இங்கே பேசும் கிரியோல் மொழியில் அலுவலகம் என்று விளக்குவதற்கே எனக்கு ஒரு பாடவேளை போய்விட்டது.

"தட்டிமேசை" என்று வைக்கலாமா? உங்கள் அலுவலகத்தில் எத்தனை பேருக்கு இடம் என்று கேட்டால் மேசைக் கணக்கைத்தானே சொல்வீர்கள்? அறை என்ற பொய்யும் அதில் இல்லை. மேசை தெரியாத பிள்ளையும் இல்லை.

வெள்ளிக்கிழமை வரை வேறு மறுப்பு வராவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். அடுத்தது, சொந்த மேசையே இல்லாமல் நாளுக்கொரு மேசையில் உட்காரும் ஏற்பாடு. அதற்கு "நாடோடி மேசை" என்று எழுதி வைத்திருக்கிறேன். சிரிக்காமல் பதில் எழுதுங்கள்.