தாத்தா நோட்டில் ‘உக உ வியா. அ.ப.அ’: யார் இந்த அ.ப.அ? அவசரம்

தோவாளைப்பேரன் (இரவு 9.42)
எல்லாருக்கும் வணக்கம். தாத்தா ஒரு நோட்டுல எங்க வம்சாவளியை எழுதி வச்சிருக்கார். முழுசும் டைப் பண்ணிட்டேன், ஒரே ஒரு வரி மட்டும் பிடிபடல.

ஷையார் 1077 ஹு ஆவணி மீ உக உ வியா. அ.ப.அ

அ.ப.அ யாருன்னு தெரிஞ்சா போதும். எங்க குடும்பத்துல அந்த இனிஷியல்ல ஒருத்தரும் இல்ல. சாஸ்தா கோயில் கொடைக்கு வம்சாவளி பேனர் அடிக்கிறோம், நாளைக்கு மத்தியானம் அச்சகத்துல கொடுத்தாகணும். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மதுரைக்குமரன் (9.51)
படம் போடுங்க சகோ. எந்த ஊர் குடும்பம்? நோட்டு எந்தக் காலத்துது? 1077ங்கிறது என்ன, கி.பி.யா, வீட்டு நம்பரா?

கீழரதவீதி (9.58)
இதுக்கு மேல் வரியும் கீழ் வரியும் வேணும். ஒத்தை வரியை வச்சு யாரும் எதுவும் சொல்ல முடியாது. இந்த வரி இதோட முடியுதா, இல்ல பின்னாலயும் ஏதாவது இருக்கா?

பஞ்சாங்கம்63 (10.10)
இதே கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. மறுபடியும் எழுதுகிறேன், இந்தத் தடவையாவது குறித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ‘ஷை’ என்று படித்தது எழுத்தே அல்ல. அது ௸, மேற்படி என்பதன் குறி. ௸யார் என்றால் மேற்படியார், மேல் வரியில் பெயர் வந்தவர். ‘ஹு’ மாதிரி தெரிவது ௵, வருஷம். ‘மீ’ என்பது ௴, மாதம். கடைசி ‘உ’ என்பது ௳, தேதி. ‘உக’ எழுத்தல்ல, எண்: ௨ என்றால் இரண்டு, ௧ என்றால் ஒன்று. ஆக ஆவணி மாதம் 21ஆம் தேதி. பக்கத்தின் தலையில் ஒரு ‘உ’ தனியாக இருக்கும், அது பிள்ளையார் சுழி. அதையும் சேர்த்துப் படித்துவிடாதீர்கள்.

தமிழ் எண் தெரியாமல் பழைய நோட்டைத் தொடுவதில் அர்த்தமில்லை.

தோவாளைப்பேரன் (10.22)
நன்றி ஐயா. ஆவணி 21 புரிஞ்சுது. ஊர் தோவாளைப் பக்கம். போன்ல படம் ஏற மாட்டேங்குது. அ.ப.அ?

ஆதாரப்பெட்டி (10.31)
தோவாளையா? அதை முதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு சுத்த வேண்டாமே தம்பி. நான் நாகர்கோவில்ல ஆதாரம், அதாவது சொத்துப் பத்திரம், எழுதுற ஆபீஸ்ல இருந்தவன். நாஞ்சில் நாட்டுப் பழைய ஏடுகள்ல ‘உக’ன்னு வந்தா அது எண்ணே கிடையாது, உகந்துடைமை. அந்தக் காலத்துல மருமக்கள்வழிக் குடும்பத்துல சொத்து அக்கா தங்கச்சி பிள்ளைகளுக்குப் போகும். பெஞ்சாதி பிள்ளைகளுக்குன்னு ஒதுக்குற பங்குதான் உகந்துடைமை. ‘உக உ’ன்னா உகந்துடைமை உரிமை. ‘அ’ன்னா அனந்தரவன், அதாவது காரணவருக்கு (குடும்பத் தலைவருக்கு) அடுத்த வாரிசு. அ.ப.அ என்கிறது அனந்தரவன் பேரு. இது சொத்து சம்பந்தப்பட்ட வரி. பத்திரமா வச்சுக்கோங்க.

பஞ்சாங்கம்63 (10.40)
மாதக் குறிக்கும் தேதிக் குறிக்கும் நடுவில் உகந்துடைமை எப்படி வந்து உட்காரும்? ‘ஆவணி மாதம் உகந்துடைமை தேதி’ என்று எவராவது எழுதுவாரா?

ஆதாரப்பெட்டி (10.44)
நீங்க பஞ்சாங்கம் பார்த்திருப்பீங்க, நான் ஆதாரம் பார்த்திருக்கேன். எங்க பக்கத்து எழுத்து வேற.

மதுரைக்குமரன் (10.52)
எனக்கு ‘வியா’ மேலதான் சந்தேகம். அது விய வருஷம். அறுபது வருஷச் சுற்றுல விய வருஷம் 1886–87, அதுக்கப்புறம் 1946–47. தாத்தா எழுதின நோட்டுன்னா 1946 ஆவணியாத்தான் இருக்கும். 1077 ஏதாவது சர்வே நம்பரா இருக்கலாம்.

கீழரதவீதி (10.59)
சர்வே நம்பருக்குப் பின்னால வருஷக் குறி எதுக்கு குமரன்? 1077க்கு ஒட்டியே ௵ இருக்குன்னு அவரே எழுதியிருக்காரே.

பத்மநாபபுரம் (11.05)
1077 கொல்லம் ஆண்டு. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூரோட, கடைசியில திருவிதாங்கூர்-கொச்சியோட இருந்த பகுதி, அதனால எங்க வீட்டு ஜாதகம், ஆதாரம், கல்யாணக் குறிப்பு எல்லாத்துலயும் கொல்லம் ஆண்டுதான். நம்ம பக்கம் கொல்லம் வருஷம் ஆவணி ஒண்ணாந்தேதி பிறக்கும். ஆவணியில இருந்து டிசம்பர் முடிய 824 கூட்டணும், ஜனவரியில இருந்து ஆடி வரைக்கும் 825. ஆவணி 1077ன்னா 1901. ஆடி 1077ன்னு இருந்தா 1902 ஆகியிருக்கும். நிறைய பேர் ரெண்டுக்கும் 825 கூட்டி ஒரு வருஷம் தவற விடுறாங்க.

குமரன், அறுபது வருஷப் பேரை மட்டும் எழுதியிருந்தாத்தான் எந்தச் சுற்றுன்னு குழம்பணும். கொல்லம் ஆண்டு தொடர்ச்சியா ஓடுற எண், அதுல அந்தக் குழப்பத்துக்கே இடமில்ல. 1901 ஆவணி பிலவ வருஷத்துல வரும். விய வருஷம் 1062ஐ ஒட்டி வரும். அதனால ‘வியா’ வருஷப் பேரா இருக்க முடியாது.

மதுரைக்குமரன் (11.11)
அப்போ வியா எதுக்கு?

வடசேரி அக்கா (11.20)
தம்பி, நான் இப்பதான் பார்க்கேன். ஒண்ணு கேக்கேன், அந்த வரி ‘அ.ப.அ’வோட முடியுதா? கீழரதவீதியும் கேட்டாச்சு, நீ பதில் சொல்லல. அதுக்குப் பிறகு ஏதாவது இருந்தா அப்படியே எழுது. உனக்கு அவசியமில்லன்னு தோணினாலும் எழுது.

தோவாளைப்பேரன் (11.34)
ஆமா அக்கா, கடைசியில ‘பதவி’ன்னு இருக்கு. அவருக்குத் திருவிதாங்கூர் சர்க்கார்ல வேலை கிடைச்சதைத்தான் எழுதியிருக்காங்கன்னு விட்டுட்டேன். பேனர்லயும் ‘அரசுப் பதவி வகித்தவர்’னு போட்டாச்சு. மேல் வரியில கொள்ளுத்தாத்தாவோட அப்பா பேரு. பக்கத்துத் தலையில ‘ம.வ.’ன்னு இருக்கு, அதுவும் தெரியல.

வடசேரி அக்கா (11.47)
பேனர்ல இருந்து அதை முதல்ல எடு தம்பி. அது சர்க்கார் பதவி இல்ல, சிவலோக பதவி. அவர் காலமான நாளைத்தான் எழுதி வச்சிருக்காங்க.

இப்ப வரியை மொத்தமாப் படி: மேற்படியார், 1077ஆம் வருஷம், ஆவணி மாதம், 21ஆம் தேதி, வியாழக்கிழமை, அமரபட்சம் அஷ்டமி, பதவி.

‘வியா’ கிழமை. ‘அ.ப.’ அமரபட்சம், தேய்பிறை. வளர்பிறையா இருந்தா ‘பூ.ப.’ன்னு இருக்கும், பூர்வபட்சம். கடைசியில நீ ‘அ’ன்னு படிச்சது எழுத்து இல்ல, ௮, எட்டு. எட்டாவது திதி அஷ்டமி. பூதக்கண்ணாடி வச்சுப் பாரு, முதல் அ-வுக்குப் பிறகு புள்ளி இருக்கும், கடைசி அ-வுக்கு இருக்காது. நீ டைப் பண்ணினதுலயே அப்படித்தான் இருக்கு.

வீட்டுல செத்தவங்க தேதியை எதுக்கு இவ்வளவு நுணுக்கமா எழுதுறாங்க? வருஷாவருஷம் திதி கொடுக்க. அதுக்கு மாசமும் பட்சமும் திதியும்தான் வேணும், தேதியும் கிழமையும் கூடுதலா எழுதுறது. திதியை விட்டுட்டா அந்த ஆத்மாவுக்கு எந்த நாள்ல தண்ணி விடுறதுன்னு அடுத்த தலைமுறைக்குத் தெரியாமப் போயிரும். எங்க அப்பா போன பிறகு நாங்க அப்படித் தேடி அலைஞ்சோம், அதனாலதான் சொல்லுதேன்.

பத்மநாபபுரம் (11.58)
அக்கா சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1901ல் ஆவணி முதல் தேதி ஆகஸ்ட் 16. அப்போ ஆவணி 21 செப்டம்பர் 5. 1901 செப்டம்பர் 5 வியாழக்கிழமைதான். அந்த மாசம் 12ஆம் தேதியை ஒட்டி அமாவாசை, அதுக்கு ஒரு வாரம் முன்னால தேய்பிறை எட்டு. வருஷம், தேதி, கிழமை, திதி நாலும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகுது. ஒரு குறிப்பைச் சரியாப் படிச்சோமான்னு தெரிஞ்சுக்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஒண்ணு இடிச்சாலும் எங்கேயோ தப்பாப் படிச்சிருக்கோம்னு அர்த்தம். 1946ன்னு வச்சிருந்தா கிழமையில இருந்து எல்லாத்தையும் புதுசா நிரூபிக்க வேண்டியிருக்கும்.

வடசேரி அக்கா (நள்ளிரவு 12.06)
ஆவணித் தேய்பிறை அஷ்டமின்னா கோகுலாஷ்டமியில்லா! தம்பி, உங்க வீட்டுல கிருஷ்ண ஜெயந்திக்குப் பலகாரம் சுடுவாங்களா? அம்மாகிட்ட கேளு.

ஆதாரப்பெட்டி (12.15)
தேதி அப்படியே இருக்கட்டும். ஆனா ‘ம.வ.’ன்னு தலைப்பு போட்டிருக்குன்னு தம்பி சொல்லுது. அது மருமக்கள்வழி. நான் முதல்லயே மருமக்கள்வழின்னு சொன்னேன். அப்போ இந்த வம்சாவளி அப்பன் மகன்னு இறங்காது, மாமன் மருமகன்னு இறங்கும். தம்பி எல்லா அம்புக்குறியையும் மகன்னு போட்டிருந்தா மரமே தப்பு.

கீழரதவீதி (12.21)
‘ம.வ.’ மக்கள்வழியாவும் இருக்கலாமே அண்ணாச்சி. நாஞ்சில் நாட்டு வேளாளர்ல ரெண்டு வழியும் உண்டு. முதல் எழுத்து ரெண்டுக்கும் ஒண்ணுதான். தலைப்பை மட்டும் பார்த்து முடிவு பண்ணினா எப்படி?

ஆதாரப்பெட்டி (12.27)
மக்கள்வழிக்காரங்க அதை எதுக்குத் தனியா எழுதப் போறாங்க? ஊர் உலகமெல்லாம் மக்கள்வழிதானே. வழக்கத்துக்கு மாறானதைத்தான் குறிச்சு வைப்பாங்க.

கீழரதவீதி (12.33)
ஊர் உலகத்துக்கு அப்படி. பக்கத்து வீடு மருமக்கள்வழியா இருக்கிற ஊர்ல ‘நாங்க மக்கள்வழி’ன்னு எழுதி வைக்கத்தான் செய்வாங்க. கல்யாணம் பேசுறப்ப முதல் கேள்வியே அதுதானே. எங்க ஆச்சி சொல்லிக் கேட்டிருக்கேன்.

பஞ்சாங்கம்63 (12.40)
1926இல், அதாவது கொல்லம் 1101இல், நாஞ்சில் நாடு வேளாளர் சட்டம் வந்து மருமக்கள்வழியை மாற்றிவிட்டது. இந்த நோட்டு அதற்கு முன்பா பின்பா என்று தெரியாமல் இருவரும் சண்டை போடுகிறீர்கள்.

ஆதாரப்பெட்டி (12.44)
சட்டம் வந்த அன்னைக்கு எல்லா வீட்டுலயும் பாகம் பிரிச்சுட்டாங்களா? எத்தனை வழக்கு நடந்துதுன்னு எங்க ஆபீஸ் பெட்டியைத் திறந்தா தெரியும். நீங்க சட்டம் வந்த வருஷம் சொல்லுதீங்க, நான் குடும்பங்கள் பட்ட பாட்டைச் சொல்லுதேன். புருசன் கண்ணை மூடினதும் பெஞ்சாதி பிள்ளைங்க உகந்துடைமைக்காகக் கோர்ட்டு படி ஏறினதை எல்லாம் கடுதாசியில வாசிச்சிருக்கேன்.

பஞ்சாங்கம்63 (12.49)
நான் அதை மறுக்கவே இல்லை. நோட்டின் காலம் தெரிய வேண்டும் என்றுதான் சொன்னேன்.

செங்கோட்டைக்காரி (12.55)
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க வீட்டுப் பழைய கடிதத்துல எல்லாப் பேருக்கும் முன்னால ‘ம-ள-ள-ஸ்ரீ’ன்னு இருக்கு. இதுவும் இனிஷியலா?

பஞ்சாங்கம்63 (12.58)
மகாராஜராஜஸ்ரீ. மரியாதைக்குப் போடும் அடைமொழி. எல்லாருக்கும் போடுவார்கள், ராஜாவுக்கு மட்டும் அல்ல. தனி இழை தொடங்கிக் கேளுங்கள்.

கீழரதவீதி (1.04)
தம்பி, ‘ம.வ.’வைத் தீர்க்க ஒரு வழி இருக்கு. 1901ல் அவர் இறந்த பிறகு நோட்டுல அடுத்த தலைவரா யார் பேரு வருது? அவர் மகனா, அவர் அக்கா தங்கச்சி மகனா? அந்தப் பேருக்கு எதிரே ‘அன.’ அல்லது ‘அனந்.’ன்னு இருந்தா ஆதாரப்பெட்டி அண்ணாச்சி சொல்றதுதான் சரி. ‘கு.’ன்னு இருந்தா குமாரன். பெண்கள் பேரு எல்லாத் தலைமுறையிலயும் விடாம வருதான்னும் பாருங்க. மருமக்கள்வழி மரத்துல பெண்களை விட்டுட்டு ஒரு படிகூட இறங்க முடியாது. நிலத்தோட பழைய தீர்வை ரசீது இருந்தா அதுல யார் பேருன்னும் பார்க்கலாம்.

மதுரைக்குமரன் (1.10)
அந்தக் கொள்ளுத்தாத்தாவோட அப்பா பேரை யாரு எழுதினது, தாத்தாவா அவருக்கு முன்னாடி உள்ளவங்களா? கையெழுத்து மாறுதா? 1077ன்னு இங்கிலீஷ் எண்ணும் ௨௧ன்னு தமிழ் எண்ணும் ஒரே வரியில கலந்திருக்கே. பழைய ஏட்டுல இருந்து பார்த்து எழுதினதா இருந்தா மூல ஏடு வீட்டுலயே எங்கயாவது இருக்கும்.

பத்மநாபபுரம் (1.15)
நல்ல கேள்வி. பழைய முறைப்படி எழுதியிருந்தா இருபத்தொண்ணுக்கு நடுவுல பத்துக்குறி சேர்த்து ௨௰௧ன்னு இருந்திருக்கும். ௨௧ன்னு எழுதுறது இங்கிலீஷ் எண் வரிசையைப் பார்த்து வந்த பழக்கம். பார்த்து எழுதினவர் பாதியை மாத்தியிருக்கலாம். நோட்டுல வேற எங்கயாவது ‘ய’ மாதிரி ஒண்ணு எண்ணுக்கு நடுவுல வந்தா அது ௰, பத்து. ‘ரு’ மாதிரி இருந்தா ௫, ‘சு’ மாதிரி இருந்தா ௬, ‘எ’ன்னு இருந்தா ௭. மத்த வரியெல்லாம் ‘பிடிபட்டுது’ன்னு சொன்னீங்களே, அதையும் இந்தக் கண்ணோட ஒருதடவை பார்த்துருங்க. முக்கியமா வயசு எழுதியிருக்கிற இடங்களை.

தோவாளைப்பேரன் (மறுநாள் மாலை 4.20)
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பதவி வரியை மாத்தியாச்சு, 1901 ஆவணி 21, தேய்பிறை அஷ்டமின்னு போட்டிருக்கேன். அச்சகத்துல கொடுத்தாச்சு. அக்கா, அம்மாகிட்ட கேட்டேன். எங்க வீட்டுல கிருஷ்ண ஜெயந்திக்குப் பலகாரம் சுடுறதில்ல, அப்பாவோட ஆச்சி காலத்துல இருந்தே இல்லையாம். இனிமே அன்னைக்குத் திதி கொடுக்கலாம்னு அப்பா சொல்லுதாரு. கொடை வேலை இருக்கு, அப்புறம் வாரேன்.

வடசேரி அக்கா (4.41)
ரொம்ப சந்தோசம் தம்பி. அவர் பெஞ்சாதி பேருக்கு எதிரேயும் இதே மாதிரி ஒரு வரி இருக்கும், விட்டுராதே. அந்தத் திதியையும் எடுத்து வை.

ஆதாரப்பெட்டி (4.50)
ம.வ. என்ன ஆச்சு? பேனர்ல மகன்னு போட்டீங்களா, மருமகன்னு போட்டீங்களா?

கீழரதவீதி (இரவு 8.15)
தம்பி, 1901க்கு அடுத்த பக்கத்தை மட்டும் ஒரு படம் எடுத்துப் போடுங்க. கொடை முடிஞ்சு வந்து போட்டாலும் சரி.