புதுப்பிப்பு: எரிபொருளுக்கு நட்ட கிளிசரியாக் கதியால் பிடிச்சிட்டுது

விறகெரிபொருளுக்கு நட்ட கிளிசரியாத் தடியள் (வேலிக்கும் நடுற மரம், நடுற தடியைத்தான் கதியால் எண்டுறது) பாதிக்கு மேல பட்டுப்போச்சு எண்டு போன வருசம் கேட்டிருந்தன். பதில் தந்த எல்லாருக்கும் நன்றி.

சரிவந்தது, "சித்திரையில நடாதேங்கோ, முத்தின தடியா ஐப்பசி மழையோட நடுங்கோ" எண்டு பதில் தந்த ஒரு அண்ணையின்ர யோசனைதான். முந்தி பெருவிரல் மொத்தத்தில இளந்தடி நட்டு, வாளி வாளியாத் தண்ணி ஊத்தினன், அடி அழுகிப்போச்சு. இந்தமுறை மணிக்கட்டு மொத்தம், ஆறடி நீளம். அடியைச் சரிவா வெட்டி, ரெண்டு நாள் நிழலில சாத்தி வச்சு, ஒண்டரை அடி ஆழத்தில நட்டன். இடைவெளி 1 மீற்றர். ஒரு பரப்புக் காணியில 200 நட்டு 171 தளிர்த்திருக்கு.

செம்மண் மெல்லிசா, கீழ சுண்ணாம்புக்கல் கிட்டவா இருக்கிற மூலையில மட்டும் வளர்ச்சி மந்தம். அங்க விதைக்கன்று வைக்கப்போறன். கதியாலுக்கு மேல்வேர்தான், விதைக்கன்றின்ர வேர் வெடிப்புக்குள்ளால ஆழமா இறங்கும்.

எரிபொருளுக்கு எண்டு யோசிச்சிருந்த, தண்டுச்சாறு இனிக்கிற சோளத்தை விட்டிட்டன். அடிக்கடி விதைக்கவேணும், இங்க பிழிய ஆலையுமில்லை.

எதிர்பாராதது ஆடுகள்தான். பச்சைக் குழையை மணந்திட்டு விலகிப் போகுதுகள். ஒரு நாள் வாடவிட்டுப் போட்டா மிச்சம் வைக்காமல் தின்னுதுகள். வேலியில கிளிசரியா நிக்கிறவை செய்து பாருங்கோ.