சாட்சிக் கையெழுத்தில் கிடைத்த ஊர்: நெப்ராஸ்காவில் சம்பந்தி வீட்டு வம்சம் தேடிய அனுபவம்

அம்பை பத்திரக்காரர்:

அம்பாசமுத்திரத்தில் 31 வருஷம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். மகன் அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலம், லிங்கன் நகரில் இருக்கிறான். மருமகள் அந்த ஊர்ப் பெண். சுவீடனிலிருந்து வந்து மண்ணைக் கிளறிக் குடியேறிய விவசாயக் குடும்பம்.

போன கோடையில் அங்கே போயிருந்தபோது சம்பந்தியம்மா ஒரு தகர டப்பாவை மேஜைமேல் வைத்தார். உள்ளே ஒரு பழைய பைபிள், நாலைந்து போட்டோ, மடிப்பில் கிழிந்துபோன ஒரு காகிதம். "அப்பா, அத்தை எட்டு வருஷமாத் தேடுறாங்க. சுவீடன்ல எந்த ஊர்னு மட்டும் பிடிபடல. பத்திரம்னா நீங்கதான் பாக்கணும்"னு மகன் சொன்னான். காகிதத்தைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. 'பேட்டன்ட்' என்கிறார்கள், அரசாங்கம் முதன்முதலாகத் தனியாருக்குக் கொடுத்த நிலத்துக்கான பட்டா. நம்ம பாஷையில் மூலப் பத்திரம்.

அந்த வீட்டில் வழிவழியாக மூன்று கதை சொல்வார்கள். 1869-இல் பாட்டனார் நியூயார்க்கில் குடியேறிகளைப் பதிவு செய்யும் எல்லிஸ் தீவில் இறங்கியபோது அதிகாரி பெயரை மாற்றிவிட்டார். அரசாங்கம் 160 ஏக்கரைச் சும்மா கொடுத்தது. அதற்கப்புறம் பாட்டனார் ஒரு நாள்கூட நிலத்தை விட்டு நகரவில்லை.

முதல் கதை ஐந்து நிமிஷத்தில் போய்விட்டது. எல்லிஸ் தீவு நிலையம் திறந்ததே 1892-இல். அவர் வந்த காலத்தில் நியூயார்க்கில் குடியேறிகள் இறங்கிய இடம் காசில் கார்டன். பெயர்ப் பட்டியலைக் கப்பல் கம்பெனிக்காரர்கள் கிளம்பும் துறைமுகத்திலேயே எழுதிவிடுவார்கள். இறங்கும் இடத்தில் இருந்தவர்கள் அதை வைத்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். பின்னே பெயர் எப்படி மாறியது? அந்தக் காலத்து சுவீடன் கிராமங்களில் அப்பா பெயரோடு 'சன்' சேர்ப்பார்கள். அப்பா ஆன்டர்ஸ் என்றால் மகன் ஆன்டர்ஷன். அந்த மகன் பெயர் பீட்டர் என்றால் பேரன் பீட்டர்ஷன். தலைமுறைக்குத் தலைமுறை வால் மாறும். "இது நம்ம இனிஷியல்தானே!" என்றேன். சம்பந்தியம்மாவுக்கு இனிஷியல் என்றால் என்னவென்று விளங்கவைக்கத்தான் நேரமாயிற்று. என் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயரை ஒரு தாளில் எழுதிக் காட்டியதும் சிரித்துவிட்டார். எட்டு வருஷமாக அவர் ஒரே குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு சுவீடனில் தேடியிருக்கிறார். கடல் தாண்டினால் அந்தப் பெயரே கிடையாது.

அடுத்தது 160 ஏக்கர். குடியேறுகிறவர்களுக்கு அரசாங்க நிலம் கொடுக்க 1862-இல் ஜனாதிபதி லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டத்தில் 160 ஏக்கர் என்றுதான் இருக்கிறது. ஐந்து வருஷம் குடியிருந்து உழுது காட்ட வேண்டும். ஆனால் நான் நான்கெல்லையைக் கூட்டிப் பார்த்தால் 80 ஏக்கர்தான் வருகிறது. காரணம் ரயில். யூனியன் பசிபிக் கம்பெனிக்குப் பாதையின் இருபக்கமும் 20 மைல் வரை, சதுர மைல் அளவில் எண் போட்டுப் பிரித்த துண்டுகளில் ஒற்றைப்படை எண் செக்‌ஷன்களைக் கொடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்த இரட்டைப்படை செக்‌ஷன்களுக்கு மதிப்பு இரட்டிப்பு என்று கணக்கு. அதனால் சாதாரணக் குடியானவனுக்கு 80 ஏக்கர் மட்டும். இந்த விதியை 1879-இல்தான் தளர்த்தினார்கள். பாட்டனார் விண்ணப்பித்தது 1872-இல். பிளாட் ஆற்றுக்குத் தெற்கே, போக் கவுன்ட்டி.

பட்டா ஒற்றைத் தாள்தான். சங்கதி முழுக்க அதற்குப் பின்னால் இருக்கும் கோப்பில். வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருப்பவை அவை; நெப்ராஸ்கா கோப்புகளை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மருமகள் ஒவ்வொரு பக்கமாக வாசிக்க, மகன் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தான். புல்தரையை வேரோடு செங்கல் மாதிரி வெட்டி அடுக்கிய மண்வீடு, 14-க்கு 18 அடி. ஒரு கதவு, இரண்டு ஜன்னல். ஒரு கிணறு. உழுத நிலம் 37 ஏக்கர். அதற்கு அடுத்த வரி: 1874 இலையுதிர் காலத்திலிருந்து அடுத்த வசந்தம் வரை குடும்பத்தோடு இல்லினாய்ஸ் போயிருந்தோம், வெட்டுக்கிளி பயிரை முழுக்கத் தின்றுவிட்டது. அந்த வருஷம் வெட்டுக்கிளி அந்தச் சமவெளியையே மொட்டையடித்தது. நிலத்தை விட்டுத் தற்காலிகமாகப் போனால் உரிமை போகாது என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸே சட்டம் போட்டது.

ஒரு நாள்கூட நகரவில்லை என்ற கதை அங்கே உடைந்தது. சம்பந்தியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கைக்குழந்தை இருந்திருக்கு. பாட்டிதான் போகலாம்னு சொல்லியிருப்பா" என்றார். அதற்கு மேல் யாரும் அன்றைக்கு வாசிக்கவில்லை.

இப்போது அந்த சுவீடன் ஊரைக் கண்டுபிடித்த கதைக்கு வருகிறேன். நம்ம பத்திரத்தில் சாட்சி யார் போடுவார்? ரோட்டில் போகிறவனா? மச்சானோ பங்காளியோ பக்கத்துக் காட்டுக்காரனோதான். இங்கேயும் நிலம் முடிவாகும்போது பக்கத்தில் இருக்கும் இரண்டு பேர் சத்தியம் செய்ய வேண்டும். "இவரை விடுங்க. சாட்சியைத் தேடுங்க" என்றேன். முதல் சாட்சி, பாட்டனார் போன அதே லுத்தரன் சர்ச்சில் உறுப்பினர். சர்ச் புத்தகத்தில் அந்தச் சாட்சி பிறந்த பங்கு, அதாவது சுவீடனில் அவர் ஊர்ச் சர்ச்சின் வட்டாரம், எழுதியிருந்தது, ஸ்மோலாந்து பகுதியில் ஒரு சின்ன ஊர். சுவீடனில் பாதிரியார் வருஷாவருஷம் வீடு வீடாகப் போய் யார் இருக்கிறார்கள், வேதபாடம் தெரிகிறதா, எங்கே குடிபெயர்ந்தார்கள் என்று எழுதிய பேரேடுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சாட்சியின் பக்கத்திலிருந்து இரண்டு பக்கம் தள்ளி நம்ம ஆள். பிறந்த தேதி பைபிளில் இருந்ததோடு அப்படியே ஒத்துப்போயிற்று. கடைசிக் கட்டத்தில், 1869, வட அமெரிக்கா.

விச்சிட்டா நூலகத்தம்மா:

அண்ணா, அருமை. நான் கான்சாஸில் நூலகத்தில் இருக்கேன். போன மாசம் எண்பது வயசுப் பெரியவர் ஒருத்தர் வந்தார். அவர் குடும்பம் பென்சில்வேனியாவிலிருந்து நேரா கான்சாஸ் வந்ததுன்னு சத்தியம் பண்ணாத குறை. பிரச்சினை என்னன்னா, 1890 சென்சஸ் தாள்களில் பெரும்பகுதி 1921-இல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தில் பாழாயிடுச்சு. 1880-க்கு அப்புறம் நேரா 1900தான். ஆனா கான்சாஸ் பத்து வருஷத்துக்கு ஒருமுறை தனியா மாநிலக் கணக்கெடுப்பு நடத்தியிருக்கு. அதில் 'எங்கிருந்து கான்சாஸ் வந்தீர்கள்'னே ஒரு கட்டம் உண்டு. 1885 தாளில் எடுத்துக் காட்டினேன்: அயோவா. பென்சில்வேனியாவில் பிறந்தது வேற, வந்த வழி வேற. பாதிப் பேர் இப்படித்தான் அங்கங்கே சில வருஷம் குத்தகைக்கு உழுதுட்டு மேற்கே நகர்ந்திருக்காங்க.

டென்வர் தம்பி:

ஒரு எச்சரிக்கை. ஆன்லைனில் யாரோ போட்ட குடும்ப மரத்தை அப்படியே நகல் எடுக்காதீங்க. பக்கத்து வீட்டுக்காரர் காட்டிய மரத்தில் அம்மாவைவிட மகன் நாலு வயசு மூத்தவன். பதினாலு பேர் அதை அப்படியே காப்பியடிச்சு வெச்சிருக்காங்க!

கோவை வாசகி:

ஐயா, பெண்கள் பெயரில் நிலம் கிடைத்ததா? கொள்ளுப்பாட்டி வழியிலும் இப்படித் தேட முடியுமா?

அம்பை பத்திரக்காரர்:

கிடைத்ததம்மா. 21 வயது நிரம்பிய கல்யாணமாகாத பெண்ணும் விதவையும் தன் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். புருஷன் இருக்கும் பெண்ணுக்குப் பொதுவாக இடமில்லை. பாட்டி வழிக்கு 1900 சென்சஸைப் பாருங்கள். எத்தனை பிள்ளை பெற்றாய், எத்தனை உயிரோடிருக்கிறது என்று தாயிடம் கேட்டிருக்கிறார்கள். சம்பந்தி வீட்டுப் பாட்டியார் சொன்னது ஒன்பது, உயிரோடு ஆறு. சம்பந்தியம்மாவுக்குத் தெரிந்தது ஏழு பேர்தான். மற்ற இரண்டு பிள்ளைகளின் பெயர் சர்ச் அடக்கப் பதிவேட்டில் இருக்கலாம் என்கிறார்கள். புத்தகம் சுவீடிஷ் கையெழுத்தில் இருக்கிறது. வாசிக்கத் தெரிந்த ஒரு பெரியவர் வருகிற ஞாயிறு வருகிறார்.