ஊற்றுப் பீலித் தண்ணியில் டிஎஃப்ஏ என்ற வேதிப்பொருளைச் சோதிக்க எங்கே கொடுக்கலாம்?

இடம் இலங்கையின் வெலிமடைப் பக்கம். பீலிக்கு மேலே கிழங்குத் தோட்டம். கருகல் நோய்க்குப் போன போகத்திலிருந்து ஃபுளுவாசினம் 500 எஸ்சி என்ற பூஞ்சைக்கொல்லி அடிக்கிறார்கள். அது சிதைந்தால் டிரைஃபுளோரோ அசிட்டிக் அமிலம், அதாவது டிஎஃப்ஏ, மிஞ்சும். மக்காது, மழையோடு ஊற்றுக்கு இறங்கும். நிறமோ மணமோ காட்டாது. 2025இல் டென்மார்க் இதற்காகவே அந்த மருந்தை நிறுத்தியது. இங்கும் தடை கேட்டு மனு எழுதுகிறோம், அறிக்கை இல்லாமல் யார் மதிப்பார்கள்?

கொதிக்கவைத்தால் போகாது, வற்ற வற்றச் செறிவுதான் கூடும். கரி ஃபில்டரிலும் இந்தச் சின்ன மூலக்கூறு நிற்காது. ஆய்வுகூடம் ஒன்றில் கொடுத்தோம். பிஎச், நைத்திரேற்று மட்டும் பார்த்தார்கள். டெஃப்லான் மூடியில்லாத பொலிபுரொப்பிலீன் போத்தலும் ஐஸ் பெட்டியும் தயார்.

லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் வரை டிஎஃப்ஏ அளக்க, எல்சி-எம்எஸ்/எம்எஸ் (நுண்ணளவு வேதிப்பொருளையும் அளக்கும் கருவி) வசதியுள்ள ஆய்வுகூடம் இலங்கையில் எது?