ரைஃபிள் குழல் தேர்வு: ஒரு புதுப்பிப்பு
இலக்குச் சுடுதலுக்கான 6.5 கிரீட்மூர் என்ற வகைத் தோட்டாவைச் சுடும் என் ரைஃபிளை மறுபடி கட்ட யாருடைய குழலை வாங்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளங்களைத் துளைக்குள் பட்டன் எனும் கருவியைச் செலுத்தி அழுத்தி இடும் ஷைலன், லில்ஜா ஆகியோரையும், அவற்றை ஒற்றை வெட்டுளியால் சிறிது சிறிதாகச் செதுக்கும் கிரீகர், பார்ட்லைன் ஆகியோரையும் பலர் பரிந்துரைத்திருந்தீர்கள். பார்ட்லைனையே தேர்ந்தெடுத்துவிட்டேன்.

பட்டன் குழல்கள் தரத்தில் குறைந்தவை அல்ல. அவற்றைக் கொண்டு போட்டிகளில் வென்றவர்கள் ஏராளம். ஆனால் கார்பைடு பட்டன் துளைவழியே செல்லும்போது உலோகம் வெட்டப்படாமல் அழுத்தி ஒதுக்கப்படுவதால் எஃகினுள் தகைவு (உள் இறுக்கம்) தங்குகிறது. அதைச் சூடேற்றி முறையாகத் தணிக்காவிட்டால், பின்னர் வெளிப்புறத்தைக் கடையும்போது துளையின் அளவு இடத்துக்கு இடம் மாறக்கூடும். வெளிப்புறத்தில் நீளப்பள்ளங்கள் வெட்டிய குழலே எனக்கு வேண்டும் என்பதால், மற்ற எல்லாவற்றையும்விட இந்தக் கேள்வியே எனக்குப் பெரிதாகப் பட்டது; அதனால்தான் செதுக்கும் முறைக்குப் போனேன்.

எஃகு 416ஆர் எனும் துருப்பிடிக்கா வகை; வரிப்பள்ளத்தின் முறுக்கு 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று, 140 கிரெயின் (சுமார் 9 கிராம்) எடையுள்ள குண்டுக்கு அது பொருத்தமானது. தோட்டா அறையைத் துளையின் அச்சோடு ஒன்றக் குடைவதில் சிறு பிசகு நேர்ந்தாலும் மிகச் சிறந்த குழலும் வீணாகிவிடும் என்பதால், அந்த வேலையைச் செய்யப்போகும் துப்பாக்கிக் கம்மியரைக் கலந்த பிறகே ஆர்டர் கொடுத்தேன்.