அப்பாவின் கூத்து இருக்கும் டிவிடிகளைக் காப்பாற்ற உதவுங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி நண்பர்களுக்கு வணக்கம். அப்பா தெருக்கூத்தில் துரியோதனன் வேடம் கட்டியவர். பென்னாகரம் பக்கத்துத் திருவிழாக்களில் எடுத்த பதிவுகளை 2007இல் 14 வெற்று டிவிடிகளில் எழுதி வைத்தேன். வேறு பிரதி இல்லை. அப்பாவும் இன்று இல்லை.

போன வாரம் போட்டுப் பார்த்தபோது ஐந்து தட்டுகள் திறக்கவே இல்லை. ஒன்றில் பதினெட்டாம் போர் கூத்து பாதியில் உறைந்து நின்றுவிட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கீறல் இல்லை, ஆனால் விளிம்பை ஒட்டி ஊதா நிறம் வெளுத்திருக்கிறது. டிவிடி உள்ளிருந்து வெளிநோக்கி எழுதப்படுவதால், கடைசிக் காட்சிகள் இருப்பது அங்கேதான். தகவலைத் தாங்கும் சாயப் படலத்தை வெப்பமும் வெயிலும் கெடுக்குமாம். தகரக் கூரைக்குக் கீழே பரணில் வைத்தது என் தவறு.

ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கலாம் என்கிறார்கள். பழைய டிவிடி டிரைவ் யாரிடமாவது இருந்தால் இரண்டு நாள் கொடுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். படிக்க முடியாத இடங்களைத் தாண்டி மற்றதை நகலெடுக்கும் டிடிரெஸ்கியூ மென்பொருளைப் பயன்படுத்தியவர்கள் வழிமுறை சொல்லுங்கள். மிஞ்சியதை இரண்டு ஹார்டு டிஸ்குகளில் வைத்தால் போதுமா, நீண்ட காலம் தாங்கும் என்று விற்கப்படும் எம்-டிஸ்க் தட்டிலும் எழுத வேண்டுமா?